கடைசிப் பெட்டியின் எக்ஸ் குறி

(பெரம்பூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் மரபியல், பரிணாமம் ஆகிய பாடங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். 'எங்களுக்கு இதில் என்ன வேலை' என்று நினைக்க வேண்டாம். உங்கள் வேலைதான் பெரியது, அதைச் சொல்கிறேன்.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நம் மாநிலப் பாடநூலில் அந்தப் பாடம் இருக்கிறது. ஆனால் லாமார்க், டார்வின், அமைப்பு ஒத்த உறுப்பு, செயல் ஒத்த உறுப்பு என்று இரண்டு மதிப்பெண் வினாக்களோடு அரைப் பாடவேளையில் முடித்துவிட்டால், பாடம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

எந்த வகுப்பிலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "மிஸ், குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னா, வண்டலூர்ல இருக்கிற குரங்கு ஏன் இன்னும் மாறல?" நல்ல கேள்வி. சிரித்து ஒதுக்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு இதற்கான விடை ரயிலில் இருக்கிறது. சென்ட்ரலில் கிளம்பும் அரக்கோணம் வண்டியும் கும்மிடிப்பூண்டி வண்டியும் பேசின் பிரிட்ஜ் வரை ஒரே வழியில் வருகின்றன. அங்கே பிரிந்து ஒன்று வியாசர்பாடி, பெரம்பூர் என்று போகிறது. மற்றது கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று போகிறது. பெரம்பூரிலிருந்துதான் எண்ணூர் வந்தது என்று யாராவது சொல்வார்களா? சிம்பன்சியின் கால்வழியும் நம் கால்வழியும் ஏறக்குறைய 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. நாட்டுக் குரங்கு அதைவிட வெகு தூரத்துப் பங்காளி. பிரிந்த பிறகு அவர்கள் வழியில் அவர்களும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

இந்த உவமையில் ஓர் ஓட்டை உண்டு, அதையும் மாணவரிடம் சொல்லிவிடுவேன். தண்டவாளம் ஓர் ஊரைக் குறிவைத்துப் போடப்படுவது. பரிணாமத்துக்கு அப்படிப் போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவும் கிடையாது.

இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிரிந்தன என்பதற்குச் சான்று கேட்பார்கள். மனிதருக்கு 46 குரோமோசோம்கள், சிம்பன்சிக்கு 48. ஒரு ஜோடி எங்கே போனது? ஐ.சி.எஃப். பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் பெரிய எக்ஸ் குறி இருக்கும் என்று தெரியும். ஒரு நீண்ட வண்டியின் நடுப்பகுதியில் அந்தக் குறியைப் பார்த்தால் என்ன நினைப்போம்? இரண்டு வண்டிகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்றுதானே? நம் இரண்டாவது குரோமோசோமும் அப்படித்தான். முனையில் மட்டுமே இருக்க வேண்டிய டீலோமியர் வரிசை அதன் நடுவில் கிடக்கிறது. சென்ட்ரோமியர் ஒன்று போதும். செயலிழந்த இன்னொன்றின் எச்சமும் அதில் இருக்கிறது. சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்கள் இந்த இரு பாதிகளோடும் பொருந்துகின்றன. கரும்பலகையில் வரைய ஐந்து நிமிடம் போதும்.

குரங்குகளின் நடத்தையைப் பாடநூல் அதிகம் தொடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது அதுதான். கிண்டிப் பக்கம் போனால் நாட்டுக் குரங்குகளைப் பார்க்கலாம். ஒன்று மற்றொன்றுக்குப் 'பேன் பார்க்கும்'. பூச்சியை எடுப்பது மட்டுமல்ல, உறவைப் பேணுவதும் அந்த வேலைதான். யார் யாருக்குப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் குறித்தால் கூட்டத்தின் உறவு வரைபடமே வந்துவிடும். உணவைக் கன்னப் பையில் அடைத்துக்கொண்டு ஓடுவதை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் கவனித்து எழுதலாம். தீனி மட்டும் போடக் கூடாது.

நாட்டுக் குரங்கில் பெண் பிறந்த கூட்டத்திலேயே தங்கும். ஆண்தான் வளர்ந்ததும் பெரும்பாலும் வேறு கூட்டத்துக்குப் போகும். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "அப்ப அங்க பையன்தான் மாமியார் வீட்டுக்குப் போறானா மிஸ்?" என்றாள். வகுப்பே சிரித்தது. சிம்பன்சியிலோ பெரும்பாலும் பெண்தான் வெளியேறும். ஆகவே 'குரங்கே இப்படித்தான் இருக்கிறது, அதனால் மனிதரும் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று யார் சொன்னாலும், எந்தக் குரங்கு என்று திருப்பிக் கேட்கலாம்.

இப்போது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் வருகிறேன். குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1965-இல் அமெரிக்காவில் ஒரு நூலுக்காக ரூடால்ஃப் சாலிங்கர் வரைந்த படத்தின் வழிவந்தவை அவை. மீண்டும் மீண்டும் நகலெடுத்ததில் பல படங்களில் இடப்பக்கம் கருப்பு, வலப்பக்கம் வெளுப்பு என்றாகிவிட்டது. அந்தப் படத்தைக் காட்டிய அடுத்த நொடியே வகுப்பின் பார்வை கருத்த பிள்ளை ஒன்றின் மேல் திரும்பும். 'கருங்குரங்கு' என்ற பட்டப்பெயர் அன்றைக்குப் பிறப்பதல்ல, ஒன்றாம் இரண்டாம் வகுப்பிலேயே ஒட்டிக்கொண்டது. பத்தாம் வகுப்பில் அதற்கு அறிவியல் முத்திரை வேறு விழுகிறது. இந்தப் பாடத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இந்த ஓர் இடம்தான்.

அந்தப் படத்தை நான் பயன்படுத்துவதில்லை. பதிலாக ஒரு கேள்வி கேட்கிறேன்: சிம்பன்சியின் ரோமத்தை விலக்கினால் உள்ளே தோல் என்ன நிறம்? எல்லோரும் கருப்பு என்பார்கள். உடலின் பெரும்பகுதியில் அது வெளிர் நிறம். ரோமம் குறைந்து வெயிலில் நடந்த நம் முன்னோருக்குத்தான் மெலனின் மிகுந்த கருந்தோல் வந்தது. புற ஊதாக் கதிரிலிருந்து அது காத்தது. இன்றைய வெளிர்தோலுக்கான மரபணு மாற்றங்கள் பல, மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய பின் பரவியவை. கருப்பு பின்தங்கிய படி அல்ல என்று சொல்ல அறிவுரை தேவைப்படவில்லை, இந்தத் தகவலே போதுமானதாக இருக்கிறது.

மரபணுவை வைத்துப் பெருமை பேசும் ஆபத்தும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனின் ஆய்வில், உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற மிகப் பழைய குறியீடு அடையாளம் காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்து ஆஸ்திரேலியா வரை சென்றவர்களின் தடம் அது. அருமையான ஆய்வு. ஆனால் அதைச் சாதிப் பெருமைச் சுவரொட்டியாக்கினால் கணக்கு இடிக்கும். அந்தக் குறியீடு ஒய் குரோமோசோமில் இருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறது. மீதி 1023 பேர்? இதைக் கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து நடத்தலாம்.

கடைசியாக நம் ஆறு. எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேரும் கொசஸ்தலை, சாம்பல் கழிவுக்காகச் செய்தியில் வரும் அதே ஆறு. அதன் படுகையில், பூண்டிக்கு அருகே, அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே அகழ்ந்து, கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்சுக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்தான். அப்படியானால் அந்தக் கோடரியைச் செதுக்கிய கை யாருடையது? அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. இங்கே நான் நிறுத்திவிட்டு மாணவர்களை ஊகிக்க விடுவேன். ஒருவன் "நம்ம பங்காளியா மிஸ்?" என்று கேட்டான்.

பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஒரு பள்ளியால் தனியாகப் பேருந்து எடுப்பது கடினம், செலவு கட்டுப்படியாகாது. இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்தால் முடியும். விருப்பமுள்ளவர்கள் இடைவேளையில் வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் இருக்கும் தாளில் பள்ளியின் பெயரையும் மாணவர் எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள்.