கைபேசிச் சந்தையில் ஏமாறாதிருப்போம்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், அதை மறைத்த வணிகரைக் கண்டித்ததையும் நாம் அறிவோம். ஆண்டிமடத்தில் முந்திரி மூட்டையையும் நாம் கைவிட்டுப் பார்த்தே வாங்குகிறோம். கைபேசிச் சந்தையிலோ குவியலின் மேற்புறம் மட்டுமே படமாகத் தெரிகிறது.

ஓ.எல்.எக்ஸ் போன்ற தளங்களில் தம்மை இராணுவ வீரர் எனக் கூறி, அடையாள அட்டைப் படத்தையும் அனுப்பி, இல்லாத வாகனத்தை மலிவாக விற்பதாக முன்பணம் பறித்த மோசடிகள் நாடெங்கும் நடந்துள்ளன. விற்பவரையும் இவர்கள் விடுவதில்லை. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள்" என்பார்கள். இட்டவுடன் நம் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வைப்போம்.

பொருளை நேரில் காணாமல் முன்பணம் தரலாகாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைத்தலும் ஆகாது. உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், மோசடிக்காரர் பணத்தை எடுக்கும் முன் அதை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. தாமதித்தால் அவ்வாய்ப்புக் குறையும்.

பலருடைய வீட்டில் இருப்பது கடல் கடந்து உழைத்து அனுப்பிய பணம். ஏமாந்தவரை ஏளனம் செய்யாதிருப்போம். அவர் வாய் திறந்தால்தான் அடுத்த வீட்டார் தப்புவர்.

வஸ்ஸலாம்.