பாலும் பந்தும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நான் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், "நான் சொல்லும் சொல்லுக்கு உரிய படத்தைச் சிலேட்டில் வரையுங்கள்" என்று கூறிவிட்டு, பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உரக்கச் சொன்னேன். குழந்தைகள் எல்லாரும் வட்டம் வட்டமாக வரைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் டம்ளர் ஒன்றை வரைந்து, அதன் வாய்வரை வெள்ளை பூசியிருந்தாள். நான் அதன்மேல் பெருக்கல் குறி இட்டேன். அருகில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆண்டு முடியும் வரையில் அந்தச் சிறுமி ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவே இல்லை.

அவள் வரைந்திருந்தது பால். அவள் செய்தது பிழை அன்று என்பதை நான் உணர்ந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று. நேயர்களே, இப்போது நான் வாய்விட்டுச் சொல்லும்போது அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் நம் பாலுக்கும் உள்ள வேற்றுமை உங்கள் செவிக்குப் புலனாகலாம். ஆனால் இந்தப் பேச்சு பின்னர் அச்சில் ஏறுமானால், இரண்டையும் பால் என்றே எழுத வேண்டியிருக்கும். வாலிபால் போட்டி என்று சுவரொட்டி அச்சிடும் பெரியவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்? நாம் எழுத்தில் செய்ததை அந்தக் குழந்தை செவியால் செய்தாள். அவ்வளவுதான்.

தமிழில் பகரம் ஒன்றே. ஆனால் அதன் ஒலி ஒன்றன்று. பாம்பு என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரம் வல்லென்று ஒலிக்கிறது. மகரத்தை அடுத்து வரும் பகரமோ மெலிந்து ஒலிக்கிறது. ஒரே சொல்லில் ஒரே எழுத்து இரண்டு விதமாக ஒலிக்கிறது. நாம் அதைக் கவனிப்பதே இல்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை. எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை இடமே சொல்லிவிடுகிறது. ககரம், டகரம், தகரம் ஆகியவையும் இப்படித்தான். ஆகவே ஓர் எழுத்தைக் கொண்டே தமிழ் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இடம் இதைத் தீர்மானிப்பதில்லை. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு ஒலிகளும் வரலாம். ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தால் பொருளே மாறிவிடும். அதனால் அங்கே இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தனித்தனியே வேண்டியிருக்கின்றன. எழுத்துகள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்துச் சொன்னார். ஐந்து வயதுத் தமிழ்க் குழந்தைக்கு அந்த இயலைப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் தாய்மொழியின் ஒலிமுறை அதன் வாய்க்குத் தெரியும். அந்த முறையை ஆங்கிலச் சொல்லின்மேலும் அது பொருத்திப் பார்க்கிறது. பெருக்கல் குறி இடுவதற்கு முன் ஆசிரியன் அறிந்திருக்க வேண்டியது இது.

பின்னர் நான் வேறு வழியில் முயன்றேன். குழந்தைகளின் உதடுகளுக்கு எதிரே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தைச் சற்று அழுத்தி ஒலித்தால் காகிதம் துள்ளும். இரண்டாம் எழுத்தை ஒலித்தால் அசைவது தெரியாது. இன்னொன்றும் செய்தோம். இதழ்களை மூடியபடியே ஒலியைத் தொடங்கச் சொன்னேன். ஓர் எழுத்தில் மூடிய வாய்க்குள்ளேயே ஓர் உறுமல் பிறந்தது. மற்றதில் ஒன்றும் பிறக்கவில்லை. பெயர் வைப்பதில் குழந்தைகளுக்கு யாரும் ஈடாக மாட்டார்கள். ஒன்றை உறுமும் எழுத்து என்றும் மற்றொன்றை ஊதும் எழுத்து என்றும் அவர்களே பெயரிட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு முற்றத்தில் சாக்குக்கட்டியால் மூன்று வீடுகள் வரைந்தோம். நடுவீடு நம் பகரத்தின் வீடு. ஒருபுறம் உறுமும் எழுத்தின் வீடு. மறுபுறம் ஊதும் எழுத்தின் வீடு. பழைய நாள்காட்டிகளிலிருந்து வெட்டிய படங்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பல், பூ, பாம்பு ஆகிய படங்களை வைத்திருந்தவர்கள் நடுவீட்டுக்கு ஓடினார்கள். பேனாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஊதும் வீட்டுக்குப் போயிற்று. பந்து உறுமும் வீட்டுக்குப் போயிற்று. பஸ் படத்தை வைத்திருந்த பையன் மட்டும் நடுவிலேயே நின்றுவிட்டான். வீட்டில் எல்லாரும் பஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே அது தமிழ்தான் என்றனர் சிலர். உறுமுகிறதே, எப்படி நம் வீட்டில் சேர்ப்பது என்றனர் வேறு சிலர். நான் வாய் திறக்கவில்லை. நெடிய வாதத்துக்குப் பின், பஸ் அந்த வீட்டுப் பிள்ளை, நம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தங்கிவிட்டது என்று தீர்ப்பாயிற்று. மொழிநூல் அறிஞர்கள் கடன்சொல் என்று கூறுவதை இவ்வளவு அழகாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

விளையாட்டின் பயன் இங்கேதான் இருக்கிறது. தவறான வீட்டுக்கு ஓடிய குழந்தை அடுத்த வீட்டுக்கு ஓடினால் போதும். அதன் சிலேட்டின்மேல் எந்தக் குறியும் விழுவதில்லை.

எழுத்துகளின் தொகையைக் கேட்டு மலைப்பவர்கள் உண்டு. தமிழில் 247, ஆங்கிலத்தில் 26. ஆகவே ஆங்கிலம் எளிது என்பார்கள். இது எண்ணிக்கை செய்யும் மயக்கம். 18 மெய்களோடு 12 உயிர்களும் சேர 216 உயிர்மெய்கள் பிறக்கின்றன. சேரும் முறையைக் கற்ற குழந்தை பெரும்பகுதியைத் தானே கண்டுகொள்ளும். ஆங்கிலத்திலோ பெரிய வடிவம், சிறிய வடிவம் என ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு. 26 பெயர்களையும் ஒப்பிக்கும் குழந்தையால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாமல் போகலாம். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்த குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள்; எல், எம், என், ஓ, பி என்னும் ஐந்தும் சேர்ந்து ஒரே எழுத்தின் பெயர் என்று நம்புகிறவர்கள் அவர்களுள் இருப்பார்கள். ஆகையால் இரு மொழி எழுத்துகளையும் சேர்த்துக் கற்பிக்கும்போது பெயரைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒலியே முதலில் வர வேண்டும். தமிழ் சில மாதங்களேனும் முந்திச் செல்லட்டும்; அதன் ஒலிகள் ஏற்கெனவே குழந்தையின் வாயில் இருக்கின்றன. ட, ப, ம என்னும் மூன்று எளிய வடிவங்களே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களைக் கொடுத்துவிடும்.

எழுத்தை நடித்துக் காட்டுவதும் ஒரு நல்ல விளையாட்டு. கொ என்னும் எழுத்தை நடிக்க மூன்று பேர் வேண்டும். ஒருவன் ககரம், அவனுக்கு முன்னே கொம்பு, பின்னே கால். உயிர் ஒன்றுதான், அது ஒலிப்பதும் ககர மெய்க்குப் பின்னர்தான். ஆனால் நிற்பதோ இருபுறமும்! "நான்தானே முதலில் நிற்கிறேன், என்னை ஏன் முதலில் சொல்லவில்லை?" என்று கொம்பாக நின்றவன் சண்டைக்கு வந்தான். நியாயமான கேள்வி. உங்கள் பாட்டனார் காலத்துப் புத்தகங்களில் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் கொம்பு தனியே நில்லாமல் யானைத் துதிக்கைபோல் வளைந்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் அந்தத் துதிக்கையை அகற்றியது. குழந்தைகளுக்கு ஒரு சுமை குறைந்தது.

அந்தச் சிறுவனை ஆங்கிலத்துக்கு அழைத்துச் சென்றேன். குண்டூசியைக் குறிக்கும் பின் என்ற சொல்லுக்காக மூன்று பேரை நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் ஐந்தாம் எழுத்தாக அவனை நிற்க வைத்தேன். நீ வாயே திறக்கக் கூடாது என்றேன். அவன் வந்து நின்றதுமே அந்தச் சொல் பைன் என்று ஆகிவிட்டது. பேசாமல் நின்று, முன்னால் நிற்பவனின் குரலை மாற்றிவிட்ட பெருமிதம் அவன் முகத்தில் தெரிந்தது. ஒரு மொழியில் முன்னே நின்று பின்னே ஒலிக்கிறான். மற்றொரு மொழியில் பின்னே நின்று முன்னே உள்ளதை மாற்றுகிறான். கரும்பலகையில் இதை விளக்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்போதும் விளங்கியிருக்குமா என்பது ஐயமே.

இத்தகைய முறைகள் எல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தம் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்கும்படி செய்தார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும் உண்மை. ஆனால் விரலால் எழுத்தைத் தடவிக் கற்பது நம் திண்ணைப் பள்ளிகளில் வழிவழியாக இருந்து வந்தது. விசயதசமி நாளில் நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிப்பதை இன்றும் காண்கிறோம்.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. ஆண்டுரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக் கற்பதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மனம் ஒப்பவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சின்னஞ்சிறுவர்களுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தச் சிறுவன் முடித்துக் காட்டினான். 1797இல் பெல் இலண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. ஆங்கிலக் குழந்தைகள் தங்கள் மொழியின் எழுத்தை நம் ஊர் மணல் வழியில் கற்றார்கள்.

மாணவ மாணவியரே, அந்தச் சிறுவனுக்கு உங்களில் பலரைவிட வயது குறைவு. உங்கள் வீட்டிலும் தம்பியோ தங்கையோ அரிச்சுவடியோடு போராடிக்கொண்டிருக்கலாம். ஒரு தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பிக்கொள்ளுங்கள். ஒருநாள் நம் பகரம். அது நன்கு படிந்த பின்னர், வேறொரு நாள் உறுமும் எழுத்து. இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். உறுமும் எழுத்தின் சிறிய வடிவத்தைக் குழந்தை இடம் வலம் மாற்றி எழுதினால் திட்ட வேண்டாம். இடப்புறம் பார்த்தாலும் வலப்புறம் பார்த்தாலும் பூனை பூனைதான் என்று உலகம் அதற்குக் கற்பித்திருக்கிறது; எழுத்துக்கு மட்டும் அப்படி இல்லை என்பது அதற்குப் புதுச் செய்தி. பாலையும் பந்தையும் மாற்றிச் சொன்னால் காகிதத் துண்டை எடுத்து உதட்டுக்கு எதிரே பிடியுங்கள், அதுவே சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். குழந்தை கொட்டாவி விட்டால், தாம்பாளத்தை ஒரு தட்டுத் தட்டி மணலைச் சமமாக்கிவிட்டு எழுந்துவிடுங்கள்.