அறிவும் வாழ்வும்
(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

இம்மன்றத்தின் வாயிலில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். அருகில் பன்னிரண்டு அகவை மதிக்கத்தக்க அவர் மகன் தலைகவிழ்ந்து நின்றான். “ஐயா, இவனுக்கு அறிவு மட்டு என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இவன் வாழ்வு இனி என்ன ஆகும்?” என்று கேட்டார். அவருக்கு நின்ற நிலையில் இரண்டு சொல் கூறிவிட்டு வர என் உள்ளம் ஒப்பவில்லை. ஆகவே அவ்வினாவையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொள்கின்றேன்.

அறிவு மிக்கவன் வெற்றி பெறுவான். வெற்றி பெற்றவன் மகிழ்ந்திருப்பான். இப்படி ஒரு கணக்கை நாம் போட்டு வைத்திருக்கின்றோம். இது சரியான கணக்குத்தானா?

முதலில் சொல்லைப் பாருங்கள். அறிதல் என்னும் வினையிற் பிறந்தது அறிவு. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். தொட்டுணர்வதும் அங்கே அறிவு. எண்ணித் துணிவதும் அறிவு. வள்ளுவரோ அறிவுடைமைக்கு ஓர் அதிகாரம் தந்ததோடு அமையவில்லை. ஊக்கமுடைமைக்கு ஒன்றும் ஆள்வினையுடைமைக்கு ஒன்றும் தனித்தனியே வகுத்தார். அறிவொன்றே போதுமாயின் மற்றவை எதற்கு?

இனி, அறிவை எண்ணால் அளக்கும் வழக்கம் எங்கே தோன்றியது? பிரான்சு நாட்டு அரசு, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிய வழி கேட்டது. ஆல்பிரடு பினே என்னும் உளநூலார், சிமோன் என்பாரோடு சேர்ந்து 1905-இல் ஓர் அளவைத் தேர்வை அமைத்தார். எந்தக் குழந்தைக்கு மிகுந்த துணை வேண்டும் என்று அறிவதே அதன் நோக்கம். அறிவு பிறப்போடு முடிந்துபோன அளவன்று, பயிற்சியால் வளர்வது என்பதே பினேயின் கொள்கை. 1911-இல் அவர் மறைந்தார். கைதூக்கிவிடச் செய்த கோல், பிறர் கையில் தள்ளிவைக்கும் கோலாயிற்று.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். முதல் உலகப்போரின்போது ஏறத்தாழ 17 நூறாயிரம் படைஞர்க்கு அறிவுத் தேர்வு வைத்தனர். அம்மதிப்பெண்களைக் கொண்டு பிரிகாம் என்பார் 1923-இல் ஒரு நூல் எழுதினார். தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர் பிறப்பிலேயே அறிவிற் குறைந்தோர் என்றார். அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த குடியேறிகள் கூடுதலாக மதிப்பெண் பெற்றிருந்தமை அவர் கண்ணெதிரே இருந்தது. மொழியும் பழக்கமும் ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறும் என்னும் எளிய உண்மையை அவர் அப்போது ஏற்கவில்லை. 1924-இல் அம்மக்களின் வரவைச் சுருக்கும் சட்டமும் வந்தது. பின்னர் 1930-இல் பிரிகாமே தம் முடிவைத் திரும்பப் பெற்றார். பிறமொழி பேசும் வீட்டில் வளர்ந்தவனை ஆங்கிலத் தேர்வால் அளந்து இனத்தோடு இனம் ஒப்பிட்டது பிழை என்று ஒப்புக்கொண்டார். நூலாசிரியர் திருந்தினார், ஆனால் நாட்டுவாரியாக ஆள் எண்ணிக் கதவடைத்த அம்முறை 1965 வரை நின்றது!

தமிழ்மக்களே, இதனை நெஞ்சில் இருத்துங்கள். புரியாத மொழியில் வினவிவிட்டு, விடை வராதபோது அறிவில்லை என்பது அளவையாகுமா? வீட்டு மொழி வேறு, வகுப்பு மொழி வேறு என்றாக்கப்பட்ட நம் குழந்தைகள் எத்தனை பேர் இப்படி ‘மக்கு’ என்னும் பெயரைச் சுமக்கின்றனர்!

அடுத்து, அறிவு மிக்கோர் கதையைக் காண்போம். இசுடான்போர்டுப் பல்கலைக்கழகத்துத் தெர்மன் 1921-இல் தொடங்கி, நுண்ணறிவு ஈவு மிகுந்த 1,500-க்கு மேற்பட்ட சிறாரைத் தேர்ந்தெடுத்து, அவர்தம் வாழ்வைத் தொடர்ந்து கண்காணித்தார். அவர்களுட் பெரும்பாலோர் நன்கு கற்று நல்ல பணிகளில் அமர்ந்தனர். இதை மறைத்தல் அறமன்று. கல்வியிலும் தொழிலிலும் கூரிய அறிவு கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆயினும், அந்தத் தேர்வில் சேர்க்கப்படாமல் விடப்பட்ட சிறுவர் இருவர், சாக்ளி 1956-இலும் ஆல்வரசு 1968-இலும் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட சிறாருள் ஒருவர்க்கும் அப்பரிசு கிட்டவில்லை.

தம் மாணாக்கருள் மிக முன்னேறிய ஆடவர் 150 பேரையும் மிகப் பின்தங்கிய 150 பேரையும் தெர்மன் ஒப்பிட்டார். அறிவளவில் இருசாராரிடையே பெரிய வேறுபாடில்லை. விடாமுயற்சி, குறிக்கோளில் ஒருமுகப்பாடு, தன்னம்பிக்கை, தாழ்வுணர்ச்சியின்மை ஆகியவற்றிலேதான் வேறுபாடு தெரிந்தது. முன்னேறியோரின் தந்தையருட் கல்லூரி கண்டவர் மிகுதி என்பதும் தெரிந்தது. ஆக, வெற்றிக்கு வித்து மட்டுமன்று, நிலமும் நீரும் வேண்டும்.

மகிழ்ச்சியோ இன்னும் வேறு வழியில் வருவது. ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஆய்வொன்று, 268 மாணவரை இளமை தொட்டு முதுமை வரை பின்தொடர்ந்தது. முதுமையில் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் வாழ்ந்தோர், அன்பான உறவும் நட்பும் வாய்க்கப் பெற்றோரே என்பது அதன் தலையாய முடிவு.

இரண்டு எழுத்தர்களை உங்கள் கண்முன் நிறுத்துகின்றேன். ஒருவர் வில்லியம் சைடிசு. 1898-இற் பிறந்து, 1909-இல் பதினோராம் அகவையில் ஆர்வர்டில் மாணவரானார். தந்தையார் உளநூல் வல்லுநர். தாளிகைகளோ அச்சிறுவனை ஒரு காட்சிப்பொருள் ஆக்கின. வளர்ந்தபின் அவர் உலகின் பார்வையிலிருந்து ஒளிந்து, கணக்குப் பொறிகளை இயக்கும் எழுத்தர் வேலைகளைத் தாமே நாடினார். அங்கும் அவரைத் தேடிப்பிடித்து 1937-இல் ஓர் இதழ் எள்ளி எழுதிற்று. 1944-இல் நாற்பத்தாறாம் அகவையில் மறைந்தார்.

மற்றவர் நம் இராமானுசன். குடந்தைக் கல்லூரியில் கணக்கன்றிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னையிலும் தேர்வில் தேறவில்லை. அளவைக்கோலின்படி அவர் தோற்ற மாணவர்! 1912-இல் திங்களுக்கு 30 உருபா சம்பளத்தில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். ஆனால் இராமச்சந்திரர் பொருளுதவினார். அலுவலகத்து மேலவராகிய நாராயணர் அருகமர்ந்து கணக்குப் பார்த்தார். 1913-இல் எழுதிய மடலை ஆர்டி பொருட்படுத்திப் படித்தார். 1918-இல் இலண்டன் அரசவைக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. எனினும் பிற மண்ணின் குளிரும் நோயும் தனிமையும் உடலை அரித்தன. 1920-இல் முப்பத்திரண்டாம் அகவையில் மாண்டார்.

இருவர்க்கும் அறிவு மலைபோல் இருந்தது. ஒருவரை உலகம் வேடிக்கை பார்த்தது. மற்றொருவரைச் சிலர் தாங்கினர். அந்தத் தாங்கல்தான் இராமானுசன் பெயரை நமக்குத் தந்தது. ஆயினும் பெருமை வந்த அளவு நல்வாழ்வு அவருக்கும் வரவில்லை. அறிவு, வெற்றி, மகிழ்ச்சி என்னும் மூன்றும் ஒரே கொடியிற் காய்ப்பன அல்ல என்பதற்கு இவ்விரு வாழ்வும் சான்று.

வாயிலில் நின்ற தாயே! நீங்கள் இவ்வவையில் எங்கோ அமர்ந்திருப்பீர்கள். உங்கள் மகன் பெற்ற மதிப்பெண், ஒரு நாள், ஒரு தாளில், ஒரு மொழியில் அவன் எழுதியதன் அளவு, அவனுடைய அளவன்று. அவன் எதில் ஆழ்ந்து தன்னை மறக்கின்றான் என்று பாருங்கள். அவனுக்குப் புரியும் மொழியிற் கற்பிக்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. தொடங்கியதை முடிக்கும் பழக்கத்தைச் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அவன் காதுபட அவனை அறிவிலி என்று எவரும் சொல்ல விடாதீர்கள். தாழ்வுணர்ச்சி, மிக்க அறிவினரையே வீழ்த்தியதைக் கண்டோம். வளரும் சிறுவனை விட்டுவைக்குமா?

ஆசிரியப் பெருமக்களே, பினேயின் கோல் உங்கள் கையில் இருக்கின்றது. அதனைக் கைதூக்கிவிடவே பயன்படுத்துங்கள்.