மூச்சுக் காக்கும் கல்வி



1952-இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துக் காற்றுப்பையைக் கையால் அழுத்தி நோயாளிகளின் மூச்சைக் காத்தனர். அத்தகைய பணிக்கு இன்று சுவாசச் சிகிச்சை என்னும் பட்டப்படிப்பே உண்டு. அதில் முதுநிலைப் பட்டத்தை நாம் வேண்டுவது ஏன்? அத்துறைக்கு ஆசிரியர் அத்துறையிலிருந்தே தோன்றுதல் வேண்டும். இல்லையேல் வெண்டிலேட்டர் அருகில் நிற்பவர் என்றும் பிறர் ஏவலுக்கே காத்து நிற்பார். அந்நிலை நமக்குப் புதிதன்று!

இரத்த வாயுப் பரிசோதனை, நுரையீரல் இயக்கவியல், ஆய்வேடு ஆகியன பாடத்திட்டத்தில் இடம்பெறும். ஆனால், இரவெல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிலும் ஏழை மாணவன் பகலில் கூலிக்கு ஓடலாமா? பயிற்சிக்கால உதவித்தொகையைத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுதுமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.