மண்ணிலும் காகிதக் கூழிலும் பிறக்கும் முகங்கள்

கொலு பொம்மைகளில் களிமண்ணைச் சுட்டுச் செய்பவை ஒரு வகை. காகிதக் கூழில் செய்பவை இன்னொரு வகை. கடலூர் மாவட்டத்திலுள்ள பண்ருட்டி, இரண்டுக்குமே பேர்போன ஊர்.

மண் பொம்மைக்கு ஏரிக் களிமண்ணைக் கரைத்து வடிகட்டி, கல்லும் வேரும் நீக்கி, மெல்லிய மணல் சேர்த்துப் பிசைகிறார்கள். மணல் சேராவிட்டால் மண் காயும்போது வெடிப்பு விடும். பிசைந்த மண்ணை முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் விரலால் அழுத்துகிறார்கள். மூக்கு நுனிக்கும் விரல் இடுக்குக்கும் மண் போய்ச் சேராவிட்டால் உருவம் மழுங்கிவிடும். பாதிகளை ஒட்டி, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறச் சிறு துளை விட்டு, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள்.

காகிதப் பொம்மைக்குச் சூளை வேண்டாம், வெயில் போதும். பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, சுண்ணாம்புக்கட்டித் தூளும் மாவுப் பசையும் கலக்கிறார்கள். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பதும் உண்டு. கனம் குறைவு, எளிதில் உடையாது என்பதால் தொலைதூரம் அனுப்ப இதுவே ஏற்றது.

2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்ப் பொம்மைகளில் இரண்டு பொருளும் சேர்வதைக் காணலாம். சாய்ந்தாடும் ராஜா ராணி பொம்மையின் உருண்டை அடிப்பாகத்தில் களிமண்ணின் கனம், மேலே காகிதம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது நிமிர்ந்துகொள்வது இதனால்தான்.

அச்சு உருவத்தைத் தரும். முகத்துக்குப் பாவம் தருவது தூரிகை. உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பூச்சு கொடுத்து, உடல் நிறம், உடை, நகை எல்லாம் தீட்டிய பிறகே கண் எழுதுகிறார்கள். கருவிழி நடுவில் நின்றால் நேர்ப்பார்வை. சற்றே கீழிறங்கினால் அருள் அல்லது நாணம். புருவம் உயர்ந்தால் வியப்பு. உதட்டோரம் மயிரிழையளவு மேலேறினால் புன்னகை. ஒரே அச்சில் பிறந்த இரண்டு அம்மன் முகங்கள் வேறுபடுவது இப்படித்தான். ஆகவே கண் எழுதும் வேலை தேர்ந்த கைக்கே போகிறது.

காகிதப் பொம்மைக்கு ஈரம் ஆகாது. ஆகவே கொலு முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, காகிதம் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். மண் பொம்மைகளை ஒன்றோடொன்று உரசாமல் இடையே வைக்கோலோ துணியோ இட்டு அடுக்கினால், அவை தலைமுறை கடந்தும் நிற்கும்.