உடலின் நினைவும் தமிழின் சொல்லும்



மொழியியல் பயின்றவன் உயிரணுக்களைப் பற்றிப் பேச வருவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் எடுத்துக்கொண்டது ஒரு சொல்லைத்தான். 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று நாள்தோறும் சொல்கிறோம். சக்தி என்றதும், அது கூடும், குறையும், கடைச் சத்துமாவால் ஏற்றிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் தானே வந்துவிடுகிறது. நல்லுணவு வேண்டியதே. ஆனால் சின்னம்மை ஒருமுறை கண்டவருக்கு அது பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை; அவருக்கே தட்டம்மை வரலாம். வெறும் வலிமையானால் இரண்டையும் ஒருங்கே தடுத்திருக்குமன்றோ? அவர் உடல் சின்னம்மைக் கிருமியை அறிந்து நினைவில் வைத்திருக்கிறது. தட்டம்மையை இன்னும் அறியவில்லை.

இந்நினைவைச் சுமப்பவை டி, பி என்னும் இருவகை வெள்ளை உயிரணுக்கள். பெயர்களிலேயே நமக்கொரு தொல்லை இருக்கிறது. நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டுவரை தமிழில் அறிவியல் கற்று, இடைநிலைப்பள்ளியில் அதே பாடத்தை மலாய்மொழியில் தொடர்கிறார்கள். அங்கே உரோம எழுத்தில் ஐயமே எழாது. தமிழிலோ 'பி' என்பதை இருவகையாக ஒலிக்கலாம். 'டி' என்பதையும் அப்படியே. போதாக்குறைக்கு, டகரம் தமிழ் மரபில் சொல்லுக்கு முதலாவதுமில்லை! புதுப்பெயர் புனைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதன்முறை சொல்லும்போது பெயர் வந்த வழியையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

1956இல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்பவர், கோழியின் எச்சப்புழைக்கு அருகிலுள்ள 'பர்சா' என்னும் சிறு பையை அகற்றினால் அக்கோழியால் கிருமியெதிர்ப்புப் புரதத்தைச் சரிவர ஆக்க முடியவில்லை என்று கண்டார். 1961இல் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியை நீக்கி, அதன் தேவையை நிறுவினார். 1965இல் மேக்ஸ் கூப்பர் குழுவினர், கோழியில் இவை இருவேறு அமைப்புகள் என்று காட்டினர். தைமஸில் தேறுவது டி. பர்சாவில் தேறுவது பி. மனிதருக்குப் பர்சா இல்லை. நம் பி அணுக்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன.

பி அணு, குருதியில் மிதந்துவரும் கிருமியை நேரே பற்றும். ஒவ்வொரு பி அணுவும் ஒரே வடிவத்தைத்தான் பற்றும். தனக்குரியதைச் சந்தித்த அணு பெருகி, அவ்வடிவத்துக்கான புரதத்தைப் பொழிகிறது. டி அணுவோ, நம் உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் எடுத்துக்காட்டும் கிருமித் துணுக்கைப் படிக்கிறது. ஒருவகை டி, கிருமி புகுந்த அணுவைக் கொல்கிறது. மற்றொரு வகை, பி அணுவுக்குத் துணை நிற்கிறது. போர் முடிந்தபின் இருவகையிலும் சில நினைவணுக்களாக எஞ்சுகின்றன.

இதுவரை காணாத கிருமிக்கும் பொருந்தும் அணு முன்கூட்டியே எப்படி இருக்கிறது? தமிழாசிரியருக்கு இது புதிராகாது. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கூடி 216 உயிர்மெய்களாகின்றன. அவற்றால் நாளை பிறக்கும் சொல்லையும் எழுதலாம். பி அணுவும் சில மரபணுத் துண்டுகளைப் பலவாறு சேர்த்துத் தன் வடிவத்தை அமைத்துக்கொள்கிறது. இதை விளக்கிய சுசுமு தொனெகாவா 1987இல் நோபெல் பரிசு பெற்றார்.

பி அணு பொழியும் அப்புரதத்தைத் தமிழகப் பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்கின்றன, இலங்கையில் பிறபொருளெதிரி. எதிர்ப்பொருள் என்றால் இலக்கணம் கற்ற செவிக்கு 'கருப்பு, வெளுப்பு' போன்ற எதிர்மறைப் பொருளே தோன்றும். நீளமானாலும், தான் எதை எதிர்க்கிறது என்று தன்னுள்ளேயே சொல்லும் பிறபொருளெதிரியே என் தேர்வு.

செர்காமிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இச்சொல்லாய்வு வீண் அன்று. டிங்கிக் காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். அந்நோய்க் கிருமி நால்வகை. ஒருவகை வந்துபோனால் அதே வகைக்கு நெடுங்காலப் பாதுகாப்புண்டு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்களே. அதன்பின் வேறொரு வகை புகுந்தால், பழைய பிறபொருளெதிரி அதைப் பற்றுகிறது. ஆனால் முடக்க இயலாமல், சில வெள்ளை அணுக்களுக்குள் அது எளிதாக நுழைய வழிசெய்துவிடுகிறது. 1960களில் பாங்காக்கில் ஆய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட், கடுமையான டிங்கி இரண்டாம் தொற்றிலும், தாயின் பிறபொருளெதிரியைப் பெற்றிருந்த கைக்குழந்தைகளின் முதல் தொற்றிலும் மிகுந்திருக்கக் கண்டார். அரைகுறையாகப் பொருந்தும் நினைவு இங்கே தீங்காகிறது. 'எதிர்ப்புச் சக்தி' என்னும் சொல்லால் இதை எப்படி விளக்குவது?

இரண்டாம் முறை கண்டவர்களிலும் பெரும்பாலோர் நலமடைகிறார்கள். ஆயினும் 'முன்பே வந்துவிட்டது, இனி அஞ்ச வேண்டா' என்னும் பேச்சை வகுப்பில் கேட்டால் திருத்துங்கள். முன்பு டிங்கி கண்டவர் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் தணியும் நாளில்தான் ஆபத்து மிகும். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.