வளைந்த கால் நிமிர்ந்தது

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தின் தென்கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து வணிகர், பாண்டிய நாட்டுக் குதிரைகளைப் பற்றி வியப்பான செய்திகள் சிலவற்றைச் சொல்லியிருக்கிறார். பாண்டிய மன்னரும் அவர் உடன்பிறந்தோரும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ஆண்டுதோறும் வாங்கினராம். ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சுவதில்லையாம். எண்ணிக்கையில் சிறிது மிகை இருக்கலாம். ஆனால் அவர் கூறும் காரணங்கள் கருதத்தக்கவை. குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டினர். அவற்றைப் பேணும் முறை அறிந்தோர் இங்கு இல்லை. தம் விற்பனை குறைந்துவிடுமே என்று அஞ்சிய குதிரை வணிகர், அத்தகையோரை இங்கு வரவிடவும் இல்லை. மேலும் ஒன்று சொல்கிறார்: உயரினக் குதிரைகள் இணைந்தாலும் இந்நாட்டில் பிறக்கும் குட்டி, கால் கோணி, ஏறிச் செல்ல உதவாததாகவே இருக்குமாம்.

கால் கோணியது மண்ணின் குற்றமா, பேணும் அறிவு இல்லாத குற்றமா? கால்நடை மருத்துவன் என்ற முறையில் இக்கேள்வி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்திருக்கிறது. விடை காண்பதற்கு உங்களைப் பாண்டிய நாட்டிற்கு அழைத்துச் செல்லப் போவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூருக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூருக்கு அழைத்துச் செல்கிறேன்.

அவ்வூரில் ஒரு முதியவர், திருமண ஊர்வலங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் அனுப்புவதற்காகப் பெண் குதிரை ஒன்றை வளர்த்து வந்தார். 11 மாதம் சுமந்து அது ஈன்ற குட்டியின் முன்னங்கால்கள் இரண்டும் குளம்பின் மேற்கணுவில் மடங்கியிருந்தன. எழ முயலும்போதெல்லாம் கணு முன்னோக்கிச் சரிய, குட்டி விழுந்தது. நான் சென்றபோது அது பிறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. “ஐயா, இது பிழைக்காது, விட்டுவிடு என்று ஊரார் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று முதியவர் கேட்டார்.

நான் முதலில் பார்த்தது காலை அன்று, வயிற்றை. நலமாகப் பிறந்த குதிரைக்குட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்கும். மனிதக் குழந்தை கருவிலேயே தாயிடமிருந்து நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பெறுகிறது. குதிரைக்குட்டிக்கு அப்பேறு இல்லை. அது சீம்பால் வழியாகவே அந்த ஆற்றலைப் பெற வேண்டும். குட்டியின் குடல் அதனை ஏற்கும் காலமோ ஏறத்தாழ ஒரு நாள்தான். அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது. நிற்க இயலாத குட்டி பால் குடிக்க இயலாது. கால் கோணலால் சாவதற்கு முன்பே, பாலின்றி, நோய் தொற்றிச் செத்துவிடும். எனவே தாயின் சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊட்டினோம்.

அடுத்துக் காலைத் தொட்டுப் பார்த்தேன். குதிரையின் முன்னங்காலின் பின்புறத்தில், முழங்காலுக்குக் கீழே, இரு தசைநாண்கள் கயிறுபோல் இறங்குகின்றன. எலும்பின் நீளத்திற்கு அவை போதாமல் குறுகியிருந்தால் மூட்டு மடங்கிவிடும். கருப்பையில் குட்டி கிடந்த நிலையும் இதற்கு ஒரு காரணமாகலாம். கையால் மெல்ல அழுத்தினால் கால் நிமிர்கிறதா என்பதே சோதனை. சிறிதும் நிமிராத கால்களுக்கு நம்பிக்கை குறைவு. இக்குட்டியின் கால்கள், முழுமையாக இல்லாவிடினும், பெரிதும் நிமிர்ந்தன. “உறுதி கூற மாட்டேன், ஆனால் முயல்வதற்கு இடம் இருக்கிறது” என்றேன்.

ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்பது கிருமிகளை ஒடுக்கும் மருந்து. பிறந்த சில நாட்களுக்குள் அதனைப் பேரளவில், உப்பு நீரில் கலந்து, நரம்பின் வழியே மெல்லச் செலுத்தினால் தசைநாண்கள் தளர்கின்றன. நீர் வற்றிய குட்டிக்கு இம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். எனவே மருத்துவர் கையாலன்றி இதனைச் செய்யலாகாது. குட்டி பால் குடித்துத் தெளிந்த பின்னரே மருந்தைச் செலுத்தினேன். பிறகு பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து, பஞ்சு பொதிந்து, காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினோம்.

மருந்தைக் கொடுப்பது என் வேலை. எஞ்சியதெல்லாம் அவ்வீட்டார் வேலை. சிம்பைச் சில மணி நேரம் கட்டி வைத்து, சில மணி நேரம் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்கும்போதெல்லாம் தோலைப் பார்க்க வேண்டும். குட்டியின் தோல் மென்மையானது. ஒரே இரவில் புண்ணாகிவிடும். பால் மடி தேடும் வேளையில் குட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இவற்றையெல்லாம் முதியவரின் பேத்தி, பள்ளியில் படிக்கும் பெண், மேற்கொண்டாள். சிம்பு கட்டிய நேரத்தையும் அவிழ்த்த நேரத்தையும் தன் நோட்டில் குறித்து வைத்தாள். நள்ளிரவிலும் எழுந்தாள். மறுநாள் குட்டி சிம்புடன் நின்றது. ஐந்தாம் நாள் சிம்பின்றிச் சிறிது நேரம் நின்றது. பின்னர் கெட்டியான தரையில் நாள்தோறும் சிறுசிறு நடை. களைப்புக் கண்டவுடன் ஓய்வு. மூன்றாம் வாரத்தில் அது தாயின் பின்னே ஓடியது. ஒரு காலின் கணு மட்டும் இன்றும் சற்றுச் செங்குத்தாகவே இருக்கிறது.

ஒன்றை மறவாதீர்கள். தசைநாண் குறுகாமல், தளர்ந்து பிறக்கும் குட்டிகளும் உண்டு. அவற்றின் காலை இறுகக் கட்டினால் தளர்ச்சி மிகும்; அளவான நடையே அவற்றுக்கு மருந்து. நோயைப் பிரித்தறியாத அன்பு தீங்காகவும் முடியும்.

கால் நேரானதும் முதியவர் மகிழ்ச்சியால் குட்டிக்குத் தவிட்டை அள்ளி வைக்கத் தொடங்கினார். அதனைத் தடுத்தேன். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி; சுண்ணாம்புச் சத்து குறைவு. அளவுக்கு மிஞ்சிய தீனியும் தாதுக்களின் சமமின்மையும் வளரும் குட்டியின் எலும்பைக் கெடுக்கும். சில மாதங்களில் தசைநாண் மீண்டும் இழுத்துக் கொள்ளவும் கூடும். இப்போது மார்க்கோ போலோவை நினைவு கூருங்கள். சோற்றிலும் இறைச்சியிலும்கூட இதே குறைதான்! அவர் நாட்டின் இயல்பு என்று கண்டதில், தொட்டியில் இட்ட தீனிக்கும் பங்கிருந்திருக்கலாம் அல்லவா?

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றில் ஏரி வாரியம் என்றொரு குழு வருகிறது. ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தனர் நம் முன்னோர். கரை உடைந்தபின் அழுவதைவிட, உடையுமுன் பார்ப்பது மேல் என்பது அவர்கள் கண்ட உண்மை. குட்டியின் காலுக்கும் அதுவே பொருந்தும்: முதல் நாளில் எளிதாக நிமிர்வது, முதல் மாதத்தில் அரிதாகும்.

மார்க்கோ போலோவின் காலத்தில் இங்கே இல்லாதிருந்த அறிவு இன்று நம்மிடம் உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. உங்களுள் சிலர் நாளை அத்துறைக்கு வரலாம். வாராதவரும், உங்கள் ஊரில் ஓர் உயிர் குறையோடு பிறந்தால், “இதன் விதி” என்று சொல்லுமுன் காலத்தைப் பாருங்கள், அறிந்தவரை அழையுங்கள், பிறகு, நோட்டும் கையுமாக, இரவிலும் விழித்திருங்கள்.